நரம்பும் மருந்தும்

ஏலகிரி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர் ஜோலார்பேட்டை. சென்னையிலிருந்து மேற்கு நோக்கி வரும் இருப்புப்பாதை இங்கே இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை சேலத்தையும் கோயமுத்தூரையும் நோக்கிச் செல்கின்றது. மற்றொன்று பெங்களூரை நோக்கி மேட்டுநிலத்தின்மீது ஏறுகின்றது. பெங்களூர்க் கிளை திறக்கப்பட்ட ஆண்டு 1864. இரவு வேளையில் இந்நிலையத்தின் மேம்பாலத்தில் நின்று நோக்கினால், இருளினூடே சிவப்பும் பச்சையுமாகக் கைகாட்டி விளக்குகள் ஒளிர்வதைக் காணலாம். ஒவ்வொரு விளக்கும் ஒரு செய்தி. ‘நில்’ என்கிறது ஒன்று. ‘செல்’ என்கிறது மற்றொன்று. அச்செய்திகளைச் சுமந்து செல்பவை கம்பிகள். கம்பி ஓரிடத்தில் பழுதுபடுமாயின், வண்டியில் குறையில்லை, பாதையில் குறையில்லை. ஆயினும் போக்குவரவு தடுமாறும்.

நம் உடலிலும் இத்தகைய கம்பிகள் உண்டு. அவையே நரம்புகள். மூளையிலிருந்து தண்டுவடம் முதுகெலும்பினூடே இறங்குகின்றது. அதிலிருந்து கிளைகள் பிரிந்து கைகளுக்கும் கால்களுக்கும் செல்கின்றன. தரையின் குளிர்ச்சியையும் முள்ளின் கூர்மையையும் காலிலிருந்து மூளைக்கு அறிவிப்பவை சில நரம்புகள். ‘காலை எடு’ என்னும் ஆணையை மூளையிலிருந்து காலுக்குக் கொண்டுசெல்பவை வேறு சில. இடுப்புப் பகுதியிலிருந்து கால்விரல் வரை செல்லும் நரம்பிழை ஒன்று ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. இத்துணை நீளமான இழைக்கு ஊட்டம் குறையுமாயின், முதலில் வாடுவது அதன் கடைக்கோடியே. நீர் குறைந்த வாய்க்காலின் கடைமடைப் பயிர் முதலில் வாடுவதை நாம் கண்டதில்லையா? அதனால்தான் நரம்பு நலிவு பெரும்பாலும் கால்விரல்களில் தோன்றிப் பின்னர் மெல்ல மேலேறுகின்றது.

நோயைத் தீர்க்க உண்ணும் மருந்தே சில வேளைகளில் இந்நரம்புகளுக்குத் தீங்கு செய்வதுண்டு. அஃது எவ்வாறு நிகழ்கின்றது, அதனைத் தடுக்கும் வழி எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதே இப்பாடத்தின் பொருள். அவ்வழியைக் கண்டறிந்ததில் நம் சென்னை நகருக்குச் சிறந்த பங்கு உண்டு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்திய பழங்காலம் முதல், குரோமிய உப்புகளைப் பயன்படுத்தும் இக்காலம் வரை, பல்லாயிரம் குடும்பங்கள் இத்தொழிலை நம்பி வாழ்கின்றன. அத்தொழிலாளருள் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்வோம். அவருக்குக் காசநோய் கண்டது. மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை நாள்தோறும் உண்டு வந்தார். இருமல் தணிந்தது, காய்ச்சல் நின்றது, உடல் சற்றே தேறியது. ஆயின், சில மாதங்களில் இரு பாதங்களிலும் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி தோன்றியது. பின்னர் உள்ளங்கால் எரியத் தொடங்கியது. இரவில் போர்வை பட்டாலும் பொறுக்க முடியவில்லை.

அவர் என்ன எண்ணுவார்? ‘சுண்ணாம்பு நீரிலும் ஈரத்திலும் நாளெல்லாம் நின்றதன் பயன்’ என்று எண்ணலாம். அல்லது இதனினும் பெரிய அச்சம் ஒன்று அவரைப் பற்றலாம். வேலூர் வட்டாரத்தில் ஒரு காலத்தில் தொழுநோய் மிகுந்திருந்தது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ஆம் ஆண்டில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. தொழுநோயாளரின் விரல்கள் தாமே உதிர்வதில்லை. நரம்பு மரத்து வலி தெரியாமற் போவதால், வெந்தும் வெட்டுண்டும் புண்பட்டும் அவை அழிகின்றன என்பதை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் உலகிற்கு விளக்கினார். ஆகவே, ‘கால் மரத்தது’ என்ற அளவிலேயே இவ்வூர்களில் முதியோர் நெஞ்சம் நடுங்கும். நம் தொழிலாளரும் அஞ்சி, எவரிடமும் சொல்லாமல் மறைத்துக்கொள்ளலாம். அல்லது, ‘இம்மாத்திரைதான் என்னைக் கெடுக்கின்றது’ என்று தாமே முடிவு செய்து, அதனை உண்ணாமல் விட்டுவிடலாம்.

அவர் நினைத்ததில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். ஆயினும் அவர் செய்தது பெருந்தவறாகும். ஏன் என்பதை அறிய, அம்மருந்துகளின் வரலாற்றைச் சிறிது காணவேண்டும்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882-இல் கண்டறிந்தார். ஆனால், அதனை அழிக்கும் மருந்து கிட்டுதற்கு மேலும் அறுபது ஆண்டுகள் கடந்தன. 1943-இல் அமெரிக்க நாட்டில், செல்மன் வாக்ஸ்மன் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார். சாவின் வாயிலில் நின்றவர் பலரை அம்மருந்து மீட்டது. ஆயின், அதனை முதலில் பெற்ற நோயாளரிடமே ஒரு குறையும் காணப்பட்டது. சிலருக்குத் தலை சுழன்றது. இருளில் நடக்கும்போது கால் தள்ளாடியது. சிலருக்குச் செவியில் இரைச்சல் தோன்றிக் கேள்வி மங்கியது.

இதன் காரணம் யாது? நம் உட்செவியில் மயிரிழை போன்ற நுனிகளையுடைய உயிரணுக்கள் உள்ளன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுபவையும், உடல் சாயாமல் நிற்க உதவும் செய்தியைத் தருபவையும் அவையே. ஸ்ட்ரெப்டோமைசின் அவ்வணுக்களைத் தாக்குகின்றது. ஒருமுறை அழிந்த அவ்வணுக்கள் மனிதரிடத்தில் மீண்டும் முளைப்பதில்லை. ஆகையால், இத்தீங்கைத் தொடக்கத்திலேயே அறிதல் வேண்டும். இம்மருந்தின் இனத்தைச் சேர்ந்த கனமைசின், ஜென்டாமைசின், அமிக்காசின் என்பனவும் செவியைக் கெடுக்கக்கூடியவை. ஆதலின், இவற்றைத் தரும் மருத்துவர்கள் அளவைக் கணக்கிட்டும், நோயாளரின் கேள்வித் திறனைச் சோதித்தும் தருகின்றனர்.

அடுத்து வந்தது ஐசோனியாசிட். இம்மருந்தின் வரலாறு வியப்பிற்குரியது. பிராகு நகரில் வேதியியலார் இருவர் 1912-ஆம் ஆண்டிலேயே இப்பொருளை ஆக்கினர். ஆயின், அதன் ஆற்றலை எவரும் அறியவில்லை. நாற்பது ஆண்டுகள் அது நூலகத்து ஏடுகளில் உறங்கிக் கிடந்தது. காசநோய்க் கிருமியை அது கொல்லும் என்பது 1952-இல் தான் வெளிப்பட்டது. ஊசியின்றி வாய்வழி உண்ணத்தக்க மாத்திரை, விலையும் மலிவு. ஏழை நாடுகளுக்கு இதனினும் ஏற்ற மருந்து வேறில்லை என்று மருத்துவர்கள் மகிழ்ந்தனர்.

அக்காலத்தில் இந்தியாவில் காசநோயாளர் இலட்சக்கணக்கில் இருந்தனர். மருத்துவ விடுதிகளிலோ படுக்கைகள் மிகச் சிலவே. நோயாளரைக் காற்றோட்டமான விடுதியில் வைத்து, நல்லுணவும் ஓய்வும் தந்தாலன்றி நோய் தீராது என்பது அந்நாளைய நம்பிக்கை. இந்நம்பிக்கை மெய்தானா என்பதை ஆராயவே, 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் இம்முயற்சியில் கைகோத்தன. வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர் அதனை நடத்த வந்தார். நம் நாட்டு மருத்துவர்களும் ஆராய்ச்சியாளர்களும் அவருடன் இணைந்து உழைத்தனர்.

நோயாளர் 193 பேரை அவர்கள் இரு பகுதியாக்கினர். ஒரு பகுதியினர் விடுதியில் தங்கி மருந்துண்டனர். மற்றவர் தம் குடிசைகளிலேயே இருந்து, அதே மருந்தை உண்டனர். வீட்டில் இருந்தோருக்கு நல்லுணவு இல்லை, போதிய ஓய்வில்லை, இடநெருக்கடியும் மிகுதி. ஆயினும் ஓராண்டின் முடிவில் நோய் தணிந்ததில் இரு பகுதியினருக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. விடுதியில் இடமின்றி மடிவதைத் தவிர வேறு வழியறியாத ஏழைகளுக்கு, வீட்டுவாயிலிலேயே மருத்துவம் கிட்டும் என்னும் நம்பிக்கை பிறந்தது.

இவ்வெற்றியின் நடுவே ஒரு சிறு குறை தலைகாட்டியது. ஐசோனியாசிட் மருந்தை மிகுந்த அளவில் உண்ட நோயாளருள் சிலர், கால் எரிகின்றது என்றும் விரல் மரத்தது என்றும் முறையிட்டனர். சென்னை ஆய்வாளர்கள் இம்முறையீட்டைப் புறக்கணிக்கவில்லை. ‘உயிர் பிழைத்தீரே, அது போதாதா?’ என்று கூறி அனுப்பிவிடவும் இல்லை. ஒவ்வொருவரையும் ஆராய்ந்து குறித்து வைத்தனர். மருந்தின் அளவு என்ன, உடலில் அது எத்துணை நேரம் தங்குகின்றது, எவருக்கு வலி வருகின்றது, எவருக்கு வரவில்லை என்று நுணுகிக் கணக்கிட்டனர். 1960-ஆம் ஆண்டில் அம்முடிவுகளை உலகறிய வெளியிட்டனர்.

அவர்கள் கண்ட உண்மை இதுவாகும். நாம் உண்ணும் ஐசோனியாசிட்டைக் கல்லீரல் மாற்றி வலுவிழக்கச் செய்கின்றது. இவ்வேலையைச் சிலருடைய கல்லீரல் விரைவாகச் செய்யும்; சிலருடையது மெல்லச் செய்யும். இது பெற்றோர்வழி வரும் இயல்பு, முயற்சியால் மாற்றத்தக்கதன்று. மெல்ல மாற்றுவோர் உடலில் மருந்து நெடுநேரம் நிலைத்திருக்கும். கால் எரிச்சல் பெரும்பாலும் இத்தகையோருக்கே வந்தது. தென்னிந்திய மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இவ்வியல்பினரே.

மருந்து நிலைத்திருந்தால் நரம்பு ஏன் நலிய வேண்டும்? நரம்பு நலமுடன் இருக்கப் பிரிடாக்சின் என்னும் உயிர்ச்சத்து இன்றியமையாதது. இதனை வைட்டமின் பி-6 என்றும் கூறுவர். தவிடு போகாத அரிசி, பயறு, கடலை, வாழைப்பழம், மீன் முதலியவற்றில் இது உள்ளது. ஐசோனியாசிட் இச்சத்தோடு பிணைந்து, இதனைச் சிறுநீரின் வழியே வெளியேற்றிவிடுகின்றது. நல்லுணவு உண்பவருக்கு இவ்விழப்பு பெரிதாகத் தோன்றாது. தீட்டிய அரிசிச் சோற்றையே பெரிதும் நம்பி, நோயால் மெலிந்தும் இருப்பவருக்கோ, இருப்பதே குறைவு. அக்குறைவிலும் ஒரு பங்கு போய்விடுகின்றது. உழுத கடனே தீராதவனிடம் புதிய வரியும் கேட்டாற் போன்றது இது. ஆகவேதான் கடைமடைப் பயிர் போல் பாதத்து நரம்பு வாடியது.

காரணம் தெரிந்தபின் மருந்து தேடுதல் அரிதன்று. பிரிடாக்சின் இத்தீங்கைப் போக்கும் என்பதை அமெரிக்க மருத்துவர்கள் 1954-இல் கூறியிருந்தனர். நம் ஏழை நோயாளருக்கு அதில் எத்துணை தேவை என்பதே சென்னையில் எழுந்த வினா. மிகச் சிறிதளவு பிரிடாக்சினை நாள்தோறும் சேர்த்துக் கொடுத்தாலே கால் எரிச்சல் வாராமல் தடுக்கலாம் என்பதை அவர்கள் 1963-இல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. மலிவான மருந்தால் வந்த தீங்கு, அதனினும் மலிவான சத்தால் நீங்கிற்று. இன்றும் உலகெங்கும் ஐசோனியாசிட் உண்போருள், உணவுக் குறைவுடையோர், கருவுற்ற மகளிர், நீரிழிவு நோயாளர் முதலியோருக்குப் பிரிடாக்சின் சேர்த்துத் தரப்படுகின்றது. சேத்துப்பட்டு நிலையமும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு இன்றளவும் பணி செய்து வருகின்றது.

இனி, மாத்திரையைத் தாமே நிறுத்திய தொழிலாளரிடம் திரும்புவோம். அவர் உடலில் காசநோய்க் கிருமிகள் இன்னும் முற்றும் அழியவில்லை. மருந்து நின்றதும் எஞ்சிய கிருமிகள் பெருகும். அவற்றுள் மருந்துக்கு அடங்காதவையே மிகுதியாகத் தழைக்கக்கூடும். அதன்பின், முன்பு குணப்படுத்திய மாத்திரை பயன்படாமற் போகும். அவர் இருமும்போது அவ்வடங்காக் கிருமிகள் மனைவி மக்களையும் உடன் உழைப்போரையும் சென்று பற்றும். கால் எரிச்சலுக்கு அஞ்சி உயிருக்கே உலை வைத்துக்கொண்டவர் ஆவார் அவர். அவ்வாறன்றி, மருத்துவரிடம் சென்று, ‘ஐயா, மாத்திரை உண்ணத் தொடங்கிய சில மாதங்களில் என் பாதங்கள் இரண்டும் எரிகின்றன’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பாராயின் என்ன நிகழ்ந்திருக்கும்? தொழுநோயா, நீரிழிவா, மருந்தின் விளைவா என்று மருத்துவர் சோதித்து அறிந்திருப்பார். மருந்தின் விளைவே எனத் தெரிந்தால், பிரிடாக்சினைத் தக்க அளவில் தந்திருப்பார். நாளடைவில் எரிச்சல் தணிந்திருக்கும், காசநோயும் தீர்ந்திருக்கும்.

கால் மட்டுமன்று, கண்ணும் இவ்வாறு எச்சரிக்கை தருவதுண்டு. இக்காலத்தில் காசநோய்க்கு ஐசோனியாசிட்டோடு ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தம்பூட்டால் என்னும் மருந்துகளையும் சேர்த்துத் தருகின்றனர். வழக்கமான காசநோய் இவற்றால் ஆறு மாதத்தில் தீர்கின்றது. இவற்றுள் எத்தம்பூட்டால் சிலருக்குக் கண்ணின் நரம்பைத் தாக்கும். பார்வை மங்கும், சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்தி அறியும் திறன் குன்றும். ஜோலார்பேட்டை நிலையத்து விளக்குகளை ஈண்டு நினைவு கூர்க. வண்டியோட்டி ஒருவருக்கு இக்குறை நேர்ந்து, அவர் அதனைச் சொல்லாமல் மறைத்தால், அத்தீங்கு அவரோடு நிற்குமோ? இம்மருந்தை உண்போர் பார்வையில் சிறு மாற்றம் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் விரைதல் வேண்டும். மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதை அவரே முடிவு செய்வார். காலத்தே கண்டு மருந்தை மாற்றினால் பார்வை பெரும்பாலும் திரும்பும். காலந்தாழ்த்தினால் திரும்பாமற் போதலும் உண்டு.

வேறு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும் நரம்பை வருத்துவதுண்டு. வயிற்றுப்போக்கிற்குப் பலர் உண்ணும் மெட்ரோனிடசோல், நெடுநாள் உண்டால் கால் நரம்பை நலியச் செய்யலாம். சிப்ரோஃபிளாக்சசின் இனத்து மருந்துகளும் சிலருக்கு அவ்வாறே செய்யும். இவற்றை மருத்துவரின் சீட்டின்றிக் கடையில் வாங்கி, அண்டை வீட்டார் சொன்ன அளவில் உண்பது நம்மிடையே பரவியுள்ள தீய வழக்கம். மருத்துவர் தரும்போது நோயின் கேடும் மருந்தின் கேடும் தராசின் இரு தட்டுகளில் வைத்து எடைபோடப்படுகின்றன. நாமே வாங்கி உண்ணும்போது தராசே இல்லை.

ஒன்றை மறத்தலாகாது. மருந்துண்ணும் பலருக்கும் இத்தகைய துன்பம் வருவதில்லை. வருமோ என்று அஞ்சி மருந்தையே வெறுப்பது, விபத்து நேருமோ என்று அஞ்சி இருப்புப்பாதையையே பெயர்த்தெறிவது போலாகும். வேண்டுவது அச்சமன்று; விழிப்பே.

திருவள்ளுவர் மருந்தென்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதன் இறுதிக் குறளில், மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைக் கூறுகின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்பன அந்நான்கு. இவற்றுள் அவர் முதலில் வைத்தது நோயாளியையே என்பது எண்ணத்தக்கது. சேத்துப்பட்டில் நிகழ்ந்ததும் அதுவே. கால் எரிகின்றது என்று அந்த ஏழை நோயாளர் வாய் திறந்து சொன்னார்கள். மருத்துவர்கள் செவி கொடுத்துக் கேட்டார்கள். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம். ஆயின், அவர்கள் சொன்ன சொல்லால் பின்வந்தோர் எண்ணற்றோரின் பாதங்கள் காக்கப்பட்டன.

உங்கள் வீட்டில் பாட்டியோ தந்தையோ நெடுநாள் மருந்துண்டு வருவாராயின், ‘கால் எரிகின்றதா? செவியில் இரைச்சல் உண்டா? கண் தெளிவாகத் தெரிகின்றதா?’ என்று அன்போடு கேளுங்கள். உண்டு என்று விடை வருமாயின், அவர்களோடு மருத்துவமனைக்குச் சென்று அதனை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பாக விளங்கும் பேறு உங்களுக்கும் கிட்டும்.